வாசலில் நின்று வசனம் பார்த்த உன் அப்பா

காரைக்குடி,
செப்டம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஆரோக்கிய ஷீலாவுக்கு அம்மா எழுதுவது. இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் உன் தங்கை மெர்சியும் சுகம், கொல்லை மாமரமும் சுகம், அப்பா சுகமா என்றால் ஒரு வார்த்தையில் சொல்லி முடியாது, அதற்குத்தான் இத்தனை தாள். நீ அந்த ஆஸ்திரேலியச் சுரங்க வெயிலில் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, யாரோடும் சண்டை போடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், கடைசியில் சொன்னதை மட்டும் அவ்வளவாக நம்பவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். நீ போன் போட்டால் உன் அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுகிறார், ஆனால் காதை மட்டும் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார். அதோடு இந்தக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தால் எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது, நேற்று அடுப்படியில் தனியாகச் சிரித்துப் புரையேறி மெர்சி வந்து தலையில் தட்டினாள். அதனால் எழுதுகிறேன், சிரிப்பு வந்தால் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மெர்சிக்கு நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்று நான் எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உனக்கு இன்னும் தெரியாது. மாப்பிள்ளை மரிய ஜெரால்டு, காளையார்கோவில் பையன், கணக்கு வாத்தியார், போட்டோவில் பார்த்ததைவிட நேரில் கொஞ்சம் ஒல்லி, ஆனால் சிரித்தால் வீடு நிறைகிறது. கல்யாணம் கிறிஸ்துமஸ் கழித்து ஜனவரியில். அப்பா தன் வாயால் கூப்பிட்டால்தான் வருவேன் என்று நீ போன மாதம் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்த அக்கா இல்லாமல் ஒரு கல்யாணமா? அவரிடம் போய்ச் சொன்னால், அவர் அதற்கு மேல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீதான் அம்மா. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்து இதற்கு முந்நூறு கோடி வயது என்றாய். அவர் உலகமே ஆறு நாளில் உண்டானது, ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது என்றார். ரிட்டயர் ஆனபிறகு போனில் ஏதோ ஒரு வேத ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்து அதிகாலையில் வசனம் வசனமாகக் கேட்டு, பைபிளில் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான், அதில் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை என்று அவர் ஏறி நின்ற நேரம் அது. நீயும் அவர் மகள்தானே, விட்டாயா? எழுத்துப்படிதான் என்றால் எல்லாவற்றையும் எழுத்துப்படி செய்யுங்கள் அப்பா, தோதானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டாய். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து, டிக்கெட் எடுக்காதவன் சொந்த மச்சினனாக இருந்தாலும் நடுவழியில் இறக்கிவிட்ட மனிதரைப் பார்த்து ஏமாற்று என்று சொன்னால் தாங்குவாரா? அன்று மூடிய வாய்தான், உன்னிடம் இன்னும் திறக்கவில்லை. இவ்வளவும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது என்னவென்றால், நீ ஏறிய விமானம் கிளம்பிய மறுநாளே அவர் நீ சொன்னதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பிரார்த்தனை. உள்ளறையில் கதவை அடைத்துக்கொண்டு செபிக்கச் சொல்லியிருக்கிறது என்று அரிசி மூட்டை வைக்கும் அறைக்குள் போய்ச் செபமாலை சொல்ல ஆரம்பித்தார். அது தெரியாமல் நான் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், செபிக்கும்போது சத்தம் போடக் கூடாதாம், கூப்பிடாமலேயே வியர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எத்தனை செபமாலை முடித்தார் என்று அவருக்கே கணக்கு விட்டுப்போயிருந்தது. காணிக்கைத் தட்டு வந்தால் வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாதென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார், பின் வரிசைப் பிள்ளைகள் அந்தக் கையில் மிட்டாய்க் காகிதம் வைத்து விளையாடியதுதான் மிச்சம். வழியில் யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டாம் என்று ஒரு இடத்தில் வருகிறதாம், கடைத்தெருவில் தலையைக் குனிந்துகொண்டே போனார், பாதிப் பேர் அவருக்குக் காது மந்தம் என்றும் மீதிப் பேர் நம் மேல் கோபம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். இருக்கிற சட்டையில் பாதியைக் கொடுத்துவிட்டார், அதில் நீ பெர்த்திலிருந்து வாங்கி வந்த நீலச் சட்டை இப்போது பஸ் ஸ்டாண்டில் யார் உடம்பிலோ உலாவுகிறது.

இதில் உச்சம் என்னவென்றால், பூமியில் யாரையும் தந்தை என்று அழைக்காதே என்று இருக்கிறதாம். பங்குத்தந்தையைப் பங்கு ஐயா என்று கூப்பிட்டார், போகட்டும். மெர்சியை அழைத்து இனிமேல் என்னை அப்பா என்று சொல்லாதே என்றார். அவள் யார், உன் தங்கை. சரி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, அவர் பேரையே சொல்லி, அம்மா, சாலமன் காபி கேக்குறாரு என்றாள். நான் பால் சட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். சாலமன் குளிச்சாச்சா, சாலமனுக்குத் தோசையா இட்லியா என்று அவள் போட்ட போட்டில் மறுநாள் சாயங்காலத்துக்குள், அந்த வசனத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பார்க்கிறேன் என்று பின்வாங்கிவிட்டார். உன் அப்பா பின்வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் பங்குத்தந்தையிடம் போய் அழுதேன், அழுதேன் என்ன, பாதி சிரித்தேன். அவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, பைபிளில் கதை கதையாக இருக்கும், பாட்டு பாட்டாக இருக்கும், அந்தக் காலத்து ஆள் அந்தக் காலத்து ஆளுக்குச் சொன்ன விதம் வேறு, அதன் உட்பொருளைத்தான் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கண்ணு பாவம் செய்யத் தூண்டுனாப் பிடுங்கிப் போடுன்னும்தான இருக்கு, அப்படிச் செஞ்சிருந்தா நம்ம கோவில்ல ஞாயித்துக்கிழமை ரெண்டு கண்ணோட எத்தனை பேர் உக்காந்திருப்பாக என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் உன் அப்பா அசையவில்லை. ஐயா, விளக்கம் சொல்லிச் சொல்லியே ஒண்ணையும் செய்யாம விட்டுறலாம், அதுக்கு இது நல்ல வழி என்றார். பங்குத்தந்தை காபியைக் குடித்துவிட்டுப் போனார். மறைக்கல்வி வகுப்பில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு உட்பொருள் சொல்லிக்கொடுத்த எனக்கும் அது எங்கேயோ போய்க் குத்தியது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இப்போது குண்டு. நிச்சயதார்த்தத்துக்கு யார் யாரைக் கூப்பிடலாம் என்று நான் ஆசையாக உட்கார்ந்தால், அவர் லூக்கா நற்செய்தியைத் திறந்து வைக்கிறார். விருந்து வைத்தால் சிநேகிதர், உடன்பிறந்தார், சொந்தக்காரர், வசதியான பக்கத்து வீட்டார் இவர்களைக் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள், ஏழைகளையும் கால் ஊனமானவர்களையும் கண் தெரியாதவர்களையும் கூப்பிடு என்று ஆண்டவர் சொல்லும் இடம் உனக்கும் தெரியும். அதன்படிதான் நிச்சயதார்த்தம், அதன்படிதான் கல்யாணம் என்றார். என் அண்ணன் இல்லாமலா என்றேன். சொந்தம், கிடையாது என்றார். உங்கள் அக்கா? உடன்பிறப்பு, வசனத்தில் பேரோடு இருக்கிறது என்றார். மாப்பிள்ளை வீட்டார் என்ன ஆவார்கள் என்றதற்கு, இன்னும் சம்பந்தி ஆகவில்லை, அதனால் அவர்கள் சொந்தத்தில் சேர மாட்டார்கள் என்று செல்லும் டிக்கெட் மாதிரி கிழித்துக் கொடுத்தார். ஷீலா என்று நான் இழுத்தேன். அவளும் சொந்தம்தானே என்றார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ராத்திரி நான் சாப்பிடவில்லை ஷீலா. நம் வீட்டில் தாய்மாமன் மாலை போட்டுப் பெண்ணைக் கைப்பிடித்துச் சபைக்குக் கூட்டி வந்தால்தானே தட்டு மாற்றுவோம், மரியப்பன் மாமாவை விட்டுவிட்டு நிச்சயம் பண்ணினால் காளையார்கோவில்காரர்கள் எழுந்து போய்விட மாட்டார்களா?

மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. யாரையும் அழைக்கக் கூடாது, அவ்வளவுதானே. நான் யாரையும் அழைக்கவில்லை. நெற்குப்பையில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டு, தேவகோட்டை அத்தைக்குப் போன் போட்டு, பக்கத்து வீட்டு நாச்சியம்மை ஆச்சியிடம் சுவரோரம் நின்று, அந்த வசனத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், எந்தத் தேதி எத்தனை மணிக்கு அந்த வசனம் நிறைவேறப் போகிறது என்பதையும் சொன்னேன். சமையற்காரரிடம் அரிசியைக் கூடவே போடச் சொன்னேன். வேறொன்றும் நான் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வாசலில் பந்தல், முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெரியவர்கள் வந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்கும் கண் தெரியாத ஏகப்பன் தன் பெண்சாதியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், ஒரு கால் இழந்த செம்மலை மூன்று சக்கர வண்டியில் வந்தார். உன் அப்பா வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைகூப்பி உள்ளே விடுகிறார், சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை பணிவோடு அவரை நான் பார்த்ததில்லை. அப்போது தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கியது மரியப்பன் மாமா. முழங்காலில் பெரிய கட்டு, கையில் கம்பு, தோளில் மாலைப் பை, தத்தித் தத்தி வருகிறார். மாப்ள, நொண்டிக்கு எடம் உண்டுன்னு கேள்விப்பட்டேன், உள்ள போகலாமா என்று கேட்கிறார். உன் அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டைப் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார். வசனத்தில் எப்போதிருந்து நொண்டி என்று போடவில்லையே! ஒதுங்கி வழி விட்டார். அவர் பின்னாலேயே தேவகோட்டை அத்தை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவர்களுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது நிஜம்தான், ஆனால் ஒரு கண்ணில். அக்கா, ஒரு கண்ணு தெரியுதுல்ல என்று உன் அப்பா பரிதாபமாகக் கேட்டார். ஏன்டா சாலமா, அப்ப அரை எலையாச்சும் போடுறா என்றார்கள் அத்தை.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சிரிப்பில் வயிறு வலிக்கிறது. நாச்சியம்மை ஆச்சி மெதுவாக வந்து, அண்ணே, நாங்க வசதியான பக்கத்து வீடுன்னு நெனச்சு விட்டுட்டீகளாம், அம்புட்டுப் பெரிய வீட்டுக்கு ஓடு மாத்த வழியில்லாம மழைக்கு அண்டா வச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம், எங்கள விட ஏழை இந்தத் தெருவுல யாரு இருக்கா, நீங்களே வந்து ஒழுகுறத எண்ணிப் பாருங்க என்றார்கள். ஆச்சி வீட்டுக்காரர் அழகுசுந்தரம் அண்ணன் பின்னால் நின்று ஆமாம் ஆமாம் என்று பட்டுவேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். இப்படியே ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, சர்க்கரை என்று ஒருத்தர் விடாமல் ஒரு ஊனத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் சொந்தம் முழுக்க உள்ளே போய்விட்டது. மரியப்பன் மாமா வரும்போது வலது காலை நொண்டினார், பாயசத்துக்குப் பிறகு இடது காலை நொண்டினார், அதை அப்பா பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார், ஆனால் மீசை துடித்தது, அது கோபம் இல்லை, எனக்குத் தெரியாதா?

மாமா மாலை போட்டார், தட்டு மாற்றினோம், எல்லோரும் கலந்து ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். அத்தை பக்கத்தில் முதியோர் இல்லத்துப் பாட்டி ஒருவர், ஆச்சி பக்கத்தில் செம்மலை. ஆச்சியும் செம்மலையும் கவுனி அரிசி இனிப்பில் சீனி போதுமா போதாதா என்று வாக்குவாதம் வேறு. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஏகப்பன் உன் அப்பாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, ஐயா, வர்ற தை மாசம் எம் மகளுக்குக் கல்யாணம், நீங்க குடும்பத்தோட வந்துறணும் என்றார். உன் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர்களால் திருப்பிக் கூப்பிட முடியாது என்றல்லவா எழுதியிருக்கிறது! ஏகப்பா, நீ என்னையத் திருப்பிக் கூப்பிடக் கூடாதுப்பா என்று குழைந்து குழைந்து சொல்கிறார். ஏகப்பன் பிடித்த கையை விட்டுவிட்டார். ஏன்யா, எங்க வீட்டுச் சோறு உங்களுக்கு எறங்காதா என்றார். நான் அது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவள், பாதிச் சிரிப்பில் அவர்கள் பக்கம் ஓடினேன். வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து அவமானப்படுத்திவிட்டோமே என்று இருந்தது. அப்பா அந்தக் கையை இரண்டு கையாலும் திரும்பப் பிடித்துக்கொண்டார். வாரேன் ஏகப்பா, தப்பாச் சொல்லிட்டேன், குடும்பத்தோட வாரேன் என்றார். அப்படியென்றால் பெரிய பாப்பாவையும் சேர்த்துத்தான் என்றார் ஏகப்பன். பாறைக்கு வயசு சொல்ற பாப்பா, தெனமும் சொல்லுவீகளே, அந்தப் பாப்பா கையால எம் மக தலையில அட்சதை விழணும்யா என்றார்.

தினமும் சொல்வாராம்! சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்பிப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஏகப்பனிடம் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். நீ எந்த ஊரில் எந்தக் குழியில் இறங்கினாய் என்பதில் எனக்கு மறந்துபோனது கூட ஏகப்பனுக்குத் தெரிகிறது, நீ என்னிடம் போனில் சொல்வதைக் கொல்லையில் நின்று கேட்டுவிட்டு அங்கே போய் ஒப்பித்திருக்கிறார். அத்தனை பேரும் அவரையே பார்க்கிறார்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தையும் பார்க்கிறார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போனவர், வேன் கிளம்புகிற வரைக்கும் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை, வேனில் ஏறிய பாட்டிகளுக்கெல்லாம் முத்தம் கொடுத்தேன்.

நேற்றுக் காலை காபி குடிக்கும்போது தானாகவே பேச்சை எடுத்தார். யூஜினியா, நான் எழுத்துப்படி செஞ்சது தப்பில்ல, செய்யாட்டி ஏகப்பன் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டாரு என்றார். அது நியாயம்தானே ஷீலா. உட்பொருள் உட்பொருள் என்று சொல்லிக்கொண்டிருந்த இத்தனை வருஷத்தில் நான் அவருக்கு ஒரு வாய் சோறு போட்டதில்லை. ஆனா வாசல்ல நின்னு ஆள் பாத்தேன் பாரு, அது தப்பு, அது ஆண்டவர் சொன்னதில்ல, என் பழைய உத்தியோகம் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, சூரியனே நாலாவது நாள்தான உண்டாச்சு, அப்ப மொத மூணு நாளைக்கு விடிஞ்சதையும் அடைஞ்சதையும் எதை வச்சுக் கணக்குப் பாத்தாக, அந்தக் கல்லுக்காரிகிட்டக் கேக்கணும் என்றார். அந்தக் கல்லுக்காரியாம்! நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். ஊர்விட்டு வந்த அந்நியரை வரவேற்கவும் சொல்லியிருக்கிறதே, ஷீலா வெளிநாட்டில் இருப்பவள்தானே, அந்த வசனத்தில் அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாமே என்று வழி காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெத்த மகளக் கூப்பிட வசனம் தேடுறவன் மனுசனா என்று காபி தெறிக்க டம்ளரை டக்கென்று வைத்தார். வரச் சொல்லு, நான் கூப்பிட்டேன்னு சொல்லு என்றார். அந்தக் காபியைத் துடைத்துக்கொண்டே ஒரு பாட்டம் அழுதேன், அதன்பிறகு இதுவரை ஒரே சிரிப்புத்தான்.

ஆகவே கிறிஸ்துமஸுக்கே வந்துவிடு, விடுப்பை இன்றைக்கே கேள், டிக்கெட் போடும்போது பெட்டிக்கு எவ்வளவு கனம் என்று பார்த்துப் போடு, போன முறை மாதிரி விமான நிலையத்தில் நின்று கல்லை எடுத்து வெளியே வைக்காதே. எத்தனை கோடி வயதுக் கல் வேண்டுமானாலும் கொண்டு வா, ஆனால் அவருக்கு ஒரு நீலச் சட்டையும் கொண்டு வா. உன்னை ஆண்டவரும் மாதாவும் வெயிலிலும் குழியிலும் காப்பாற்றட்டும், உன் கையால் உன் தங்கைக்குப் பூ வைக்கும் நாளை எனக்குக் காட்டட்டும். கடிதம் முடிகிற நேரத்துக்கு அவரே வந்து பக்கத்தில் நின்றார், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவளப் போன் போடச் சொல்லு, நான் எடுக்கேன் என்றார். நீங்களே போடுங்களேன் என்றேன். நான் போட்டா மொத மன்னிப்புக் கேக்கணும், அவ போட்டா ஹலோ சொன்னாப் போதும் என்றார். அதனால் நீயே போடு கண்ணு. ஹலோ என்று மட்டும்தான் சொல்வார், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துப்படி எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
சிரித்துச் சிரித்து விலா வலிக்கிற உன் அம்மா,
யூஜினியா சாலமன்.